இரண்டு கார்புரேட்டர், ஒரு புருவம்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் காலம் தள்ளியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு பயம் உண்டு. என்றைக்காவது ஒருநாள், யாராவது ஒருவர் கார் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க மெக்கானிக்கலாமே, கொஞ்சம் பாருங்களேன்" என்று சொல்லிவிடுவார்.

நான் படித்ததும் மெக்கானிக்கல்தான். ஆனால் கோயம்புத்தூரை விட்டு ஹைதராபாத்துக்கு வந்து, மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்த நாள் முதல் நான் திறந்ததெல்லாம் டெண்டர் கவர்தான். (இப்போது அதையும் கம்ப்யூட்டரே திறந்துகொள்கிறது.) என் சொந்தக் கார் பானட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்று சர்வீஸ் சென்டர் பையன் காட்டித்தான் எனக்குத் தெரியும். இதை நான் சபையில் சொல்வதில்லை.

என் மகள் நிவேதாவுக்குக் கச்சிபௌலியில் வேலை. அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் வம்சி என்ற தெலுங்குப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். என் மனைவி மல்லிகா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதுவிட்டு, சாயங்காலம் முகம் கழுவி வந்து, "பையன் போட்டோவைக் காட்டு" என்றாள். எங்கள் பக்கம் விவகாரம் அதோடு முடிந்தது.

அந்தப் பக்கம்தான் முடியவில்லை. வம்சியின் அப்பா சைனிக்புரியில் இருக்கும் ஓய்வுபெற்ற கர்னல். அவருக்குச் சம்மதம். அம்மா வசுந்தரா, கணக்கு டீச்சராக இருந்தவர். அவர் "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். கணக்கு டீச்சர் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பரீட்சை எழுதிய எல்லோருக்கும் தெரியும். நிவி சரியாகச் சாப்பிடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில் கர்னல் எங்களை ஒரு ஓட்டலுக்கு அழைத்தார். வசுந்தரா வரவில்லை. கர்னல் பேச்சுவாக்கில், வீட்டில் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருப்பதாகவும், அதற்கு இரட்டைக் கார்புரேட்டர் என்றும், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் வண்டி இருமுவதாகவும் சொன்னார்.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லை சார். பேலன்ஸ் பண்ணிட்டா சரியாப் போயிடும்" என்றேன்.

இதைச் சொன்னது யார் என்று நானே ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

கர்னல் முகம் மலர்ந்தது. "நீங்க மெக்கானிக்கலாச்சே! ஞாயித்துக்கிழமை வந்துடுங்க!" என்றார். (அவர் என்னிடம் பேசுவது ராணுவ ஹிந்தி. என் தெலுங்கு பஸ் போர்டைத் தாண்டாது என்பதால். இங்கே தமிழில் தருகிறேன், சூடு கொஞ்சம் குறைந்திருக்கும்.)

வீடு திரும்பும்போது மல்லிகா காரில் வாயே திறக்கவில்லை. மெட்டுகுடா சிக்னலில் திறந்தாள்.

"ஏனுங்க, மிக்சி ரிப்பேரானா மூணு மாசம் அம்மியில அரைக்கச் சொன்ன ஆளுதானுங்களே நீங்க?"

"அது வேற, இது வேற."

"தெரியாதுன்னு சொன்னா வாயில இருக்கற முத்து கொட்டிப் போயிருமாக்கும்?"

பின் சீட்டிலிருந்து நிவி சொன்னாள்: "அப்பா, ப்ளீஸ். ஆன்ட்டி இன்னும் யெஸ் சொல்லல. நீங்க சும்மா நார்மலா இருந்தாப் போதும்."

நார்மலாக இருப்பது என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் நான் இந்த நிலைமைக்கு வந்திருக்கவே மாட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டும் சமாச்சாரம். இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒரே இலைக்கு இரண்டு பேர் பரிமாறி, ஒருவர் பாயசம் விட்ட இடத்தில் இன்னொருவர் ரசம் விட்ட கதையாகிவிடும். சரிபார்க்க ஒரு ரப்பர் டியூப் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். முன் கார்புரேட்டரில் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தமும் பின் கார்புரேட்டரில் கேட்கும் 'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தமும் ஒன்றாக வரும்வரை திருகாணியைத் திருகு. அதன்பிறகு அடியில் உள்ள நட்டை இம்மி இம்மியாகத் திருகிக் கலவையைச் சரிசெய். அவ்வளவுதான். வீடியோவில் வந்த வெள்ளைக்காரத் தாத்தா டீ குடித்துக்கொண்டே செய்தார்.

நானும் பழகிப் பார்த்தேன், குக்கரில். செடிக்குத் தண்ணீர் விடும் டியூபில் ஒரு முழம் வெட்டி, சாதம் வைத்த குக்கருக்கும் பருப்பு வைத்த குக்கருக்கும் 'ஸ்ஸ்ஸ்' ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மல்லிகா அடுக்களை வாசலில் நின்று பார்த்துவிட்டு, நேராகப் போய் அவள் தங்கைக்கு ஃபோன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சைனிக்புரி. போர்டிகோவில் அந்தக் கார் நின்றது. இரண்டு கதவு, இலைப் பச்சை நிறம், அறுபதுகளில் பிறந்தது. என்னைவிட மூத்தது, என்னைவிட நன்றாக மினுங்கியது. வசுந்தரா வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார்.

"அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்" என்றார் கர்னல், குரலைத் தாழ்த்தி. "சர்ப்ரைஸ்."

ஒரு கர்னல் தன் சொந்த வீட்டில் எதற்காகக் குரலைத் தாழ்த்துகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மல்லிகாவும் நிவியும் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார்கள். வம்சி சாவியோடு டிரைவர் சீட்டில் ஏறினான்.

ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். கார்புரேட்டர் வாய் இரண்டும் என்னைப் பார்த்துத் திறந்துகொண்டு நின்றன, இன்டர்வியூ போர்டு மாதிரி.

"காடி சாலு கரோ!" என்று கர்னல் மகனுக்கு உத்தரவிட்டார். சாலு கரோ என்றால் ஹிந்தியில் ஸ்டார்ட் செய் என்று அர்த்தம். எங்கள் ஆபீஸில் ஏசி, ஃபேன், ஜெராக்ஸ் எல்லாவற்றையும் நாங்கள் 'சாலு'தான் செய்வோம். எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் அது. வண்டி உறுமி, இருமி, ஓடத் தொடங்கியது.

"சாலு ரக்கோ, சாலு ரக்கோ" என்றார் கர்னல். ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று பொருள்.

டியூபைக் காதில் சொருகினேன். முன் கார்புரேட்டரில் 'ஸ்ஸ்ஸ்'. பின் கார்புரேட்டரில் 'ஸ்ஸ்ஸ்'. இரண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. (எங்கள் பருப்பு குக்கரும் அப்படித்தான் கேட்டது.) ஆனால் எதையும் திருகாமல் நிமிர்ந்தால் மரியாதையாக இருக்காதே! பின்னதில் சத்தம் கொஞ்சம் தடிமனாக இருப்பதாக முகத்தை வைத்துக்கொண்டு அடியிலிருந்த நட்டை ஸ்பானரால் திருகினேன். கர்னல் குனிந்து, எல்லாம் புரிந்தவர் போலத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெம்பு கொடுத்தது. இன்னும் கொஞ்சம் திருகினேன். இன்ஜின் மூச்சிரைத்தது.

"சாலு" என்றார் கர்னல்.

சரி, ஓடட்டும், தொடரச் சொல்கிறார். தொடர்ந்தேன்.

"சாலு! சாலு!"

மனிதர் உற்சாகப்படுத்துகிறார்! இப்படி ஒரு சம்பந்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஸ்பானரை இறுக்கிப் பிடித்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். இன்ஜின் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் சத்தம் போட்டது.

"அய்யோ சாலு! சாலண்டி! சாலு!"

மனிதன் ஹிந்தியில் கட்டளையிடலாம், இங்கிலீஷில் கையெழுத்துப் போடலாம். அலறும்போது தாய்மொழியில்தான் அலறுவான். தெலுங்கில் சாலு என்றால் 'போதும்'. இது எனக்குத் தெரியாது. சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும் ஆளிடம் தினமும் அதே சொல்லைச் சொல்லும் மல்லிகாவுக்குத் தெரியும்.

"ஏனுங்க! போதும்ங்கறாருங்க!" என்று வராந்தாவிலிருந்து கத்தினாள்.

"அப்பா, ஸ்டாப்! சாலு அன்டே போதும்பா!" என்று நிவி ஓடி வந்தாள்.

எனக்கோ ஒரு காதில் டியூப். மறு காதில் மூன்று மொழி. போதாக்குறைக்கு, சால என்றால் மிகுதி என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த தமிழும் அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. வண்டி நின்றுவிடப் போகிறதே, மானம் போகிறதே என்ற பதற்றத்தில், அதைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கையாலேயே வெடுக்கென்று இழுத்தேன்.

பின் கார்புரேட்டர் என் முகத்தைப் பார்த்துத் தும்மியது.

தும்மலில் நெருப்பு இருந்தது. ஒரு முழ நீளத்துக்கு ஆரஞ்சு நிற நாக்கு ஒன்று வெளியே வந்து, என் இடது புருவத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. சத்தம் டியூப் வழியாக நேராக என் மூளைக்கே வந்தது. வம்சி சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தான். முடி கருகும் வாசனை. கர்னலின் வெள்ளை ஜிப்பாவில் சட்டினிக்குச் சுட்ட கத்தரிக்காய் நிறத்தில் புள்ளிகள். அவர் முகம் முழுக்கக் கரி. என் முகம் எப்படி இருந்தது என்பதை நிவி வாயைப் பொத்திக்கொண்ட விதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

அப்போது கேட் திறந்தது.

வசுந்தரா கையில் பிரசாதக் கூடையோடு நின்றார். காரைப் பார்த்தார். திறந்து கிடந்த பானட்டைப் பார்த்தார்.

"எவரு முட்டுக்குன்னாரு?"

யார் தொட்டது என்று கேட்கிறார். இதற்கு அகராதி தேவைப்படவில்லை. ஒரு படைப்பிரிவையே நடத்திய கர்னல் என்னைச் சுட்டிக் காட்டினார். அதே நொடியில், அதே உயரத்தில், நான் கர்னலைச் சுட்டிக் காட்டினேன். அன்று காலை அந்த வீட்டில் துல்லியமாக பேலன்ஸ் ஆனது அது ஒன்றுதான்.

வம்சி இறங்கி வந்து, நிவி சொல்லிக்கொடுத்த தமிழில் என் காதருகே சொன்னான்: "மாமா, இது அம்மா காரு. தாத்தா அம்மாக்குக் கொடுத்தது. அம்மா மட்டும்தான் ரிப்பேர் செய்யும். டாடி டச் கூடாது."

நிவியைப் பார்த்தேன். இத்தனை வாரமாக ஒரு "சரி" வருமா என்று காத்திருந்த என் குழந்தை, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. கெடுத்துவிட்டேன். பெற்ற அப்பனே கெடுத்துவிட்டேன்.

கர்னல் தெலுங்கில் ஏதோ வேகமாக ஒப்பித்தார். அதில் "எக்ஸ்பர்ட்" என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. வசுந்தரா என்னிடம் திரும்பி, "மீகு வச்சா?" என்றார். உங்களுக்கு இந்த வேலை தெரியுமா?

டியூப் இன்னும் என் காதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "நாகு ராதண்டி" என்றேன். எனக்குத் தெரியாதுங்க. ஹைதராபாத்தில் இத்தனை வருடத்தில் நான் தெலுங்கில் பிழையில்லாமல் பேசிய முதல் வாக்கியம்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். புருவம் இருந்த இடத்தைக் குறிப்பாகப் பார்த்தார். கணவரிடம் திரும்பி ஏதோ சொன்னார். கர்னல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வசுந்தரா என் அருகே வந்து, காதிலிருந்து டியூபை உருவிக்கொண்டு, வீட்டுக்குள் கை காட்டி ஏதோ சொல்லி, கடைசியில் ஒரு சொல் சொன்னார். காதுக்குள் இன்னும் வெடி ரீங்காரம். அந்தச் சொல் எனக்கு 'விலங்குடு' என்று விழுந்தது.

விலங்கு என்கிறார். மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. "ஆமாங்க" என்று கைகூப்பினேன்.

நிவி ஓடி வந்து என் கரி படிந்த கையைப் பிடித்துக்கொண்டு குலுக்கினாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. "அப்பா! வியங்குடு! வியங்குடுன்னு சொன்னாங்க!"

"விலங்குதானம்மா. கேட்டுச்சு."

"அய்யோ அப்பா! வியங்குடுன்னா சம்பந்தி! 'சம்பந்தி, உள்ள வந்து முகம் கழுவுங்க'ன்னு சொன்னாங்க!"

நான் அப்படியே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டேன். (அதற்கும் ஒரு அதட்டல் விழுந்தது. எழுந்துவிட்டேன்.) கணவரிடம் அவர் சொன்னது என்னவென்று பிறகு வம்சி விளக்கினான்: "இந்த வீட்டில் ஒரு ஆம்பளை வாயிலிருந்து 'எனக்குத் தெரியாது' என்று கேட்க முப்பது வருஷம் ஆயிற்று. அதுவும் வெளியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது."

கர்னலும் நானும் குழாயடியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று முகம் கழுவினோம். அவர் எனக்கு சோப்பு எடுத்துக் கொடுத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இன்றும் எங்கள் வீட்டில் குக்கர் 'ஸ்ஸ்ஸ்' என்றால் நான் ஹாலுக்குப் போய்விடுவேன். காரை வசுந்தரா அம்மாவே சரிசெய்துவிட்டார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணமும் நடந்தது. ஆனால் முகூர்த்தத்துக்கு இருந்த அவசரம் என் முடிக்கு இல்லை. கல்யாணத்தன்று காலை, பெண்ணுக்கு அலங்காரம் செய்ய வந்த பியூட்டி பார்லர் அம்மாள், போகிற போக்கில் எனக்கும் ஒரு பென்சிலால் இடது புருவம் வரைந்துவிட்டார். நெற்றி வியர்வையில் சறுக்குமோ என்று பயந்து, வலதைவிட அரை விரற்கடை மேலே.

ஆல்பம் பார்க்க வரும் பொள்ளாச்சிச் சொந்தக்காரர்கள் இன்றும் பக்கத்தைப் புரட்டிவிட்டு மல்லிகாவிடம் மெதுவாகக் கேட்கிறார்கள்: "ஏனம்மணி, அண்ணனுக்கு இந்தச் சம்பந்தத்துல மனசில்லயோ? தாலி கட்டறப்பக்கூட ஒரு மாதிரி சந்தேகமாவே பாத்துட்டு நிக்கறாரு?"

மல்லிகா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வாள்: "மனசெல்லாம் நெறஞ்சுதானுங்க இருந்துச்சு. புருவந்தான் பேலன்ஸ் ஆகல."