பின் சீட்டில் சைடு ஸ்டாண்டு

வடசென்னைக் கல்மண்டபத்தில் கைமாறிய ஒவ்வொரு பைக்கிலும் ஏறி உட்கார்ந்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். ஒன்றைக்கூட அவர் ஓட்டியதில்லை. ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளவும் மாட்டார். கேட்டால், "ஓட்டறவன் ரோட்டப் பாத்துகினே சாவணும். பின்னாடி குந்தினா ஊரையே பாக்கலாம்" என்பார்.

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் சைடு ஸ்டாண்டு. காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குவார். மத்தியானத்துக்கு மேல் டீக்கடைச் சுவரில் இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்பார். ஸ்டாண்டை மடக்காமல் எவன் போனாலும் "சைடு ஸ்டாண்டு!" என்று கத்துவார். கன்டெய்னர் லாரி ஹாரனே அந்தச் சத்தத்தில் அடங்கிப்போகும். ஒரு கல்யாண ஊர்வலத்தில் குதிரை மேல் வந்த மாப்பிள்ளையைப் பார்த்தும் பழக்கதோஷத்தில் கத்திவிட்டார். மாப்பிள்ளை பதறிப்போய்க் காலைத் தூக்கிப் பார்த்தான்.

பழைய பைக்கை விற்கிறவர்களுக்கு அவர் இல்லாமல் முடியாது. வாங்க வருகிறவன், "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்" என்பான். சாவியைக் கொடுத்தால் அப்படியே போய்விடுவானோ என்று நமக்குப் பயம். அதற்காகச் சைடு ஸ்டாண்டு பின்னால் ஏறிக்கொள்வார். ஏறும் முன், "ரோட்ல வுழுந்துடும் நைனா" என்று சொல்லி, ஓட்டுகிறவனின் செல்போனை வாங்கி, லுங்கிக்குள் போட்டிருக்கும் பட்டாபட்டி டிராயர் பையில் இறக்கிவிடுவார். அங்கே கைவிட்டு எடுக்கத் துணிந்தவன் இன்னும் பிறக்கவில்லை. இந்த வேலைக்கு அவர் வாங்கும் கூலி ஒரு டீ.

எனக்கு அவர் தேவைப்பட்டது ஒரு கெட்ட நேரத்தில். என் மனைவி மல்லிகா மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பை உடைத்துக்கொண்டாள். உள்ளே கம்பி வைத்தார்கள். மறுபடி நடக்கப் பழகவேண்டும், விடாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தாகவேண்டும் என்றார்கள். என் பைக்கின் பின் சீட்டோ உயரம். ஒருநாள் ஏறப் பார்த்து, வலி தாங்காமல் நடுத்தெருவில் நின்று அழுதாள். ஆட்டோவில் போனால் நான் ஆட்டோக்காரனோடு சண்டை போடுவேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி. பாதி வழியில் இறக்கிவிட்டவர்களும் உண்டு. பைக்கை விற்றுத் தாழ்வான ஸ்கூட்டர் ஒன்று எடுத்தே ஆகவேண்டும். கையில் வேறு காசு கிடையாது.

முதலில் நானும் சைடு ஸ்டாண்டும் திருவொற்றியூரில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கலாம் என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். டை கட்டிய பையன் ஒருவன் பைக்கைச் சுற்றி வந்து, செல்போனில் நாலு படம் எடுத்து, ஒரு விலை சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் சைடு ஸ்டாண்டு முந்திக்கொண்டார்.

"இன்னாபா, குந்திக்கூட பாக்கல, ரேட்டு சொல்ற?"

"சிஸ்டம்ல வர்ற ரேட் சார். அதுக்கு மேல எக்ஸ்சேஞ்ச் போனஸ் இருக்கு."

"அந்த போனஸ எங்ககிட்டேர்ந்து எடுத்துகினு எங்களுக்கே குடுக்கறியா?"

பையன் தண்ணீர் குடித்தான். பேச்சை மாற்றி, ஸ்கூட்டரின் பெருமையைச் சொன்னான். "இதுல ஸ்டாண்ட் போட்டிருந்தா இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது சார். சென்சார்."

சைடு ஸ்டாண்டின் முகம் தொங்கிப்போனது. "அப்போ நான் இன்னாத்துக்கு?" என்றார்.

ஷோரூமில் கொடுத்தால் தலைவலி இல்லை என்பது உண்மைதான். கண்டவன் வீட்டு வாசலில் வந்து நிற்கமாட்டான். ஆனால் அவன் சொன்ன விலை ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டக்கூடக் காணாது. நாமே விற்போம் என்று வந்துவிட்டேன். செல்போனில் விளம்பரம் போட்டேன்.

முதலில் வந்தவன் டயரை உதைத்துப் பார்த்தான். நான் அவனை உதைக்கப் போனேன். அடுத்தவன் ஒரு கூட்டத்தையே கூட்டி வந்து பாதி விலைக்குக் கேட்டான். "அப்போ எந்த டயரைக் கழட்டிக்கினு போற?" என்றேன். கூட்டத்தோடு போய்விட்டான்.

"மச்சான், நீ உள்ள போய் தங்கச்சிக்குத் துணையா குந்து. நீ வித்தா இந்த வண்டி மியூசியத்துக்குத்தான் போவும்" என்று சைடு ஸ்டாண்டு என்னை விரட்டினார்.

மூன்றாவதாக ஒரு பையன் வந்தான். அண்ணே, அண்ணே என்று குழைந்தான். பேரமே பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். போனை டிராயர் பையில் இறக்கிவிட்டு, சைடு ஸ்டாண்டு பின்னால் ஏறினார். வண்டி தெருமுனையில் திரும்பியது.

அவ்வளவுதான். வெயில் தாழ்ந்தும் வரவில்லை. சைடு ஸ்டாண்டிடம் சொந்தமாகப் போன் கிடையாது. பையன் நம்பருக்கு அடித்தேன். மணி போனது. எந்த இடத்தில் அடிக்கிறது என்று தெரியும், எடுக்கத்தான் ஆள் இல்லை. நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து, கண்ணில் பட்டவனையெல்லாம் திட்டினேன். மல்லிகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வண்டி போனாப் போவுது. அண்ணன் வந்தாப் போதும்" என்றாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு வண்டி வந்தது. ஓட்டி வந்த பையன் அழுதுகொண்டிருந்தான். பின்னாலிருந்து அவன் வயிற்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி சைடு ஸ்டாண்டு.

"அண்ணே, இந்த ஆள எறக்கி என் போன வாங்கிக் குடுண்ணே. உனக்குப் புண்ணியமா போவும்!"

எண்ணூர் வரைக்கும் போயிருக்கிறான். வழியில், "பெரிசு, டீ சாப்பிடலாம், எறங்கு" என்றிருக்கிறான். "நீ வாங்கியா, நான் குந்திகினே குடிக்கிறேன்." "டயர்ல காத்து கம்மியா கீது, எறங்கிப் பாரு." "நீ பாரு, நான் வண்டியப் புடிச்சிக்கிறேன்." எண்ணூரில் வண்டியைப் போட்டுவிட்டு ஓடியே போகிறேன் என்றிருக்கிறான். "போன வுட்டுட்டா? எனக்கு ஓட்டத் தெரியாதே நைனா, ஏத்திகினு வந்தவன்தான் எறக்கி வுடணும்" என்றாராம்.

நான் கையை ஓங்கினேன். சைடு ஸ்டாண்டு குறுக்கே வந்தார். "வுடு மச்சான். ஓட்டிப் பாத்தான், திருப்பிக் கொண்டாந்துட்டான். தோ பார் தம்பி, ஊட்டுக்குப் போவ பஸ்ஸுக்குக் காசு கீதா?" போனை வாங்கியதும் பையன் ஓடிய ஓட்டத்துக்குப் பஸ் தேவைப்பட்டிருக்காது.

டீக்கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாவம், கடைசிவரை மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் அவர் கையிலிருந்த டீ தளும்பி லுங்கியில் கொட்டுவதைப் பார்த்தேன். டம்ளரை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணாத்த, அவன் திருடன்னு உனக்கு எப்போ தெரியும்?"

"காசிமேடு தாண்டறப்பவே தெரியும்."

"அங்கியே குதிச்சிருக்கலாம்ல?"

"குதிச்சா வண்டி பூடும். தங்கச்சி எதுல ஆஸ்பத்திரிக்குப் போவும்?"

நன்றி சொல்ல எனக்கு வராது. பழக்கம் இல்லை. கொட்டியது போகட்டும் என்று இன்னொரு டீ சொன்னேன்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு விம்கோ நகர்க்காரர், "இவரையும் வச்சிக்கினு எண்ணூர் வரைக்கும் மக்கர் பண்ணாம போயிட்டு வந்த வண்டியா? எனக்குக் குடு" என்றார். நான் சொன்ன விலையைத் தந்தார். கூடவே வந்து வண்டியைத் தன் பெயருக்கும் மாற்றிக்கொண்டார்.

இப்போது மல்லிகா ஸ்கூட்டரில் தானாக ஏறி உட்காருகிறாள். டீக்கடையைத் தாண்டும்போதெல்லாம் "சைடு ஸ்டாண்டு!" என்று சத்தம் வரும். ஸ்டாண்டு போட்டிருந்தால் இந்த வண்டி கிளம்பவே கிளம்பாது. அது அவருக்கும் தெரியும். யார் சொல்லையும் கேட்காத நான், ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்கிறேன்.

இந்த ஸ்கூட்டரையும் ஒருநாள் விற்க வேண்டிவரும். அன்றைக்கு நேராக ஷோரூமுக்குப் போவேன். டை கட்டிய பையன் என்ன விலை சொன்னாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்த மனுஷனை இன்னொருத்தன் பின்னால் ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வராது.