கதவில் தொங்கிய சும்மாடு

அன்புள்ள செல்வலட்சுமி அக்காவுக்கு,

தம்பி மாயகிருஷ்ணன் வணங்கி எழுதுவது. இங்கே அம்மா சுகம். அப்பா சுகம். இரண்டு மாடும் சுகம். மழை இன்னும் வரவில்லை. உன்னையும் அத்தானையும் சின்னவளையும் முறைப்படி விசாரித்துவிட்டதாக வைத்துக்கொள். எனக்கு அவசரம்.

இதை ஈ-மெயிலில் எழுதக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்புக்கு அப்பா வந்துவிட்டார். தினமும் காலையில் எல்லோருக்கும் ரோஜாப்பூ அனுப்புகிறார். ஈ-மெயிலுக்கு இன்னும் வரவில்லை.

எல்லாம் நீ அனுப்பிய படத்தில் தொடங்கியது. கனடாவில் உன் வீட்டு வாசல். கதவில் வட்டமாக ஒரு வளையம். சிவந்த இலைகள், காய்ந்த கதிர்கள். படியில் மூன்று பூசணிக்காய். இலையுதிர்காலத்துக்கு இங்கே எல்லோரும் கையாலேயே செய்து மாட்டுவோம் என்று எழுதியிருந்தாய். அம்மா பூசணியை மட்டும் பார்த்தாள். "ஏலே, திருஷ்டிப் பூசணிய ஏன் உடைக்காம வச்சிருக்கா? கேட்டுச் சொல்லு." பாண்டிச்செல்வி வளையத்தை மட்டும் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"இங்க கதவுல ஆணி அடிக்கலாமா?"

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் கேட்ட முதல் பெரிய கேள்வி. கோவில்பட்டியில் வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள். எந்த வீட்டுக்காரரும் காலண்டர் மாட்டக்கூட ஆணி அடிக்க விட்டதில்லையாம். அடி, நம் கதவுதானே என்றேன். அந்த 'நம்' அவளுக்குப் பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

நம் ஊரில் இலையுதிர்காலம் இல்லை. உதிர்வதற்கு முதலில் இலை வேண்டும். புரட்டாசியில் இங்கே இருப்பவை வேலிக்கருவை, வெடித்த கரிசல், வானத்தைப் பார்க்கும் மனிதர்கள். இதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன். எம்.ஏ. படித்தவன் வேறு எப்படி நினைப்பான்?

அக்கா, அவள் செய்தாள். எங்கிருந்தோ துணி சுற்றிய ஒரு வளையத்தை எடுத்து வந்தாள். அதைச் சுற்றிக் கதிர்களைச் செருகினாள், நுனி வெளியே பார்க்க, சூரியன் வரைகிற குழந்தை கோடு இழுப்பதுபோல. கருஞ்சிவப்பில் மினுமினுக்கும் சோளக்கதிர்கள். நடுநடுவே வெடித்த பருத்திக்காய், அதற்குப் பக்கத்தில் மிளகாய் வத்தல், ஒரு கொத்து ஆவாரம்பூ. இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு கதிரை எடுப்பாள், வெளிச்சத்தில் திருப்புவாள், வேண்டாமென்று வைப்பாள், இன்னொன்றை எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பார்த்தேன். நான் வாசித்த எதிலும் அழகு இவ்வளவு கறாராக இருந்ததில்லை. தானே ஆணி அடித்தாள். மாட்டினாள். நம் பழைய நீலக் கதவு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல நிமிர்ந்துவிட்டது.

அம்மா வந்தாள். நின்றாள்.

"ஏட்டி, நான் ரெண்டு நாளா எஞ் சும்மாட்டத் தேடுதேன். நீ அதுக்குப் பூ வச்சுக் கதவுல மாட்டிருக்கியா? விறகெடுக்கப் போறப்ப கதவையும் சேத்துத் தலையில தூக்கிட்டுப் போவட்டுமா?"

"வேற வட்டமா ஒண்ணும் கெடைக்கல அத்தை."

அம்மா திட்டிக்கொண்டே இரண்டு மிளகாயை நேராக்கிவிட்டுப் போனாள். அவளுக்கும் பிடித்துவிட்டது. விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம்.

அன்று மாலை மாட்டுக்குத் தட்டை போடத் தொழுவுக்குப் போனேன். உத்திரத்தில் அப்பா கட்டித் தொங்கவிட்டிருந்த கதிர்க்கட்டு பாதியாக இருந்தது. உனக்கு நினைவிருக்கும், இருங்குச் சோளம். மாசியில் அறுக்கும்போது அப்பா காடு முழுக்க நடந்து பொறுக்கிய விதைக்கதிர். எந்தக் கடையிலும் கிடைக்காது. வருகிற புதன்கிழமை, மழைக்கு முந்தியே, ஓடையோரத்தில் விதைக்க வேண்டியது. அப்பா அப்போது ஊரில் இல்லை. ஓட்டப்பிடாரத்துச் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன், துணைக்குப் போயிருந்தார். பாண்டிச்செல்வி அதை மாட்டுத் தீவனம் என்று நினைத்திருக்கிறாள். டவுனில் வளர்ந்தவள், அவளுக்கு யார் சொன்னது?

கழற்றிவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே போனேன். அவள் அவளுடைய அம்மாவுக்குப் போனில் கதவைக் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுக் கதவும்மா, நல்லாப் பாரு." சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சோதனை. ஊர்க்குருவிகளுக்கு மறுநாள் காலை தகவல் போய்விட்டது, ஒவ்வொரு கொத்தும் அப்பாவின் காட்டில் விழுகிறது, ஆகவே நாற்காலியைக் கதவருகே போட்டு ஒரு தடித்த புத்தகத்தைப் பிடித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், நான்கு நாளாக ஒரே பக்கம், எதிர்வீட்டுச் சொர்ணத்தாய் அத்தை போகும்போதும் வரும்போதும் "ஏலே மாயகிருஷ்ணா, பொண்டாட்டி கட்டுனதக் காவல் காக்கியோ? யாரும் தூக்கிட்டுப் போயிர மாட்டாவ" என்கிறாள், அதோடு விட்டால் பரவாயில்லை, "எங்க கதவுக்கும் ஒண்ணு கட்டித் தாட்டி" என்று கேட்டுவிட்டாள், இவளும் "அதுக்கென்ன அத்தை, தொழுவுல இன்னும் கதிர் கெடக்கு" என்று சொல்லிவிட்டாள், நான் பதறி, தொழுவில் பாம்பு கிடக்கிறது என்றேன், அதைக் கேட்டு அம்மாவும் தொழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், இப்போது பால் கறப்பது நான், மாடு என்னை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

முந்தாநாள் அப்பா வந்துவிட்டார். பையைக் கீழே வைக்காமலே கதவைப் பார்த்தார். வெகுநேரம். பக்கத்தில் போனார். ஒரு மணியை உருவி வாயில் போட்டுக் கடித்தார். "நல்லாருக்கு" என்றார். உள்ளே போய்விட்டார். அக்கா, எது நல்லாருக்கு? கதவா, சோளமா, என் நிலைமையா?

ஆகவே ஓர் உதவி. புதன்கிழமைக்குள் அப்பாவுக்குப் போன் செய். "நான்தான்ப்பா அந்தக் கதிரை எடுத்துக் கட்டச் சொன்னேன்" என்று சொல். உன்னை அவர் திட்டமாட்டார். திட்டினாலும் பத்தாயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய். இவள் இந்த வீட்டில் கையால் செய்த முதல் பொருள், அக்கா. அது குற்றமாகிவிடக் கூடாது.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவள் நன்றாகப் படித்து, என்னைப்போல் அதிகமாகப் படித்துவிடாமல், சௌக்கியமாக இருக்க வேண்டும். பூசணியை முச்சந்தியில் உடைத்துவிட்டாயா என்று அம்மா கேட்கிறாள்.

உன் பிரியமுள்ள தம்பி,
மாயகிருஷ்ணன்

பின்குறிப்பு: நெட் இல்லாததால் இது இரண்டு நாளாகப் போகாமல் கிடந்தது. இன்று புதன். அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டாம்.

காலையில் அவர் தொழுவுக்குப் போய் மீதிக் கதிர்க்கட்டை இறக்கினார். உதறினார். மாவாகக் கொட்டியது. உள்ளெல்லாம் வண்டு. ஒரு கைப்பிடி தேறவில்லை. வாசலுக்கு வந்து வளையத்தைக் கழற்றினார். பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் புரிந்தது. அழுதுவிட்டாள்.

"மாமா, விதைன்னு எனக்குத் தெரியாது."

"வந்த அன்னைக்கே பாத்துட்டேம்மா. எங் கதிரு எனக்குத் தெரியாதா? நல்லா வெயில் பட்டுக் கெடக்கு, ஒரு வண்டு இல்ல. இருந்ததுல இத மட்டும் எப்படிப் பாத்து எடுத்த?"

"அழகா இருந்தத எடுத்தேன் மாமா."

"நானும் அப்படித்தாம்மா எடுப்பேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "குருவி வெரட்டுனது சரிதாம்ல. அந்தப் பாம்பு எங்க?"

கதிரைக் கசக்கி ஓலைப்பெட்டியில் எடுத்தோம். அரை ஏக்கருக்குப் போதாது. ஓடையோரம் பத்து உழவுச் சாலுக்குக் காணும், அடுத்த வருடத்து விதை பிழைத்துவிடும். அம்மா மொட்டை வளையத்தைத் தலையில் வைத்து அதன்மேல் பெட்டியைத் தூக்கினாள். ஒரு மிளகாய் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. "சும்மாடுன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றபடி முன்னால் நடந்தாள்.

கதவில் இப்போது ஆணி மட்டும்தான் இருக்கிறது. அதை யாரும் பிடுங்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.