கனடாவுக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த தலைவர்

தொலைபேசியில் நன்றாகக் கதைப்பவர்களுக்குப் பொதுவாக ஒரு குறை உண்டு. மற்றவர் கதைப்பதை அவர்கள் கேட்பதில்லை. நான் நன்றாகக் கதைப்பவன் என்று பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் எல்லோரும் சொல்வார்கள். (அது பாராட்டு என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

எனக்குப் பயணச்சீட்டு விற்கும் கடையில் வேலை. எங்கள் ஊர்ச் சங்கத்தின் பாரிஸ் கிளைக்குச் செயலாளரும் நான்தான். ஆகவே கனடாவில் இருக்கும் ஊர்ச் சனத்தின் தொலைபேசி எண்கள் அத்தனையும் என்னிடம் இருந்தன. இந்த ஒரே தகுதியோடு ஒரு மாகாணக் கட்சியின் தலைமைப் போட்டிக்குள் நுழைந்தேன்.

நுழைத்துவிட்டவர் என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் அன்ரன். ரொறன்ரோப் பக்கம் இருக்கிறார். கட்சிக்காகப் பனிக்குள் வீடு வீடாக நடந்தவர். பழைய தலைவர் விலகியதும் நான்கு பேர் போட்டியிட்டார்கள். அன்ரனின் ஆள் ஒரு முன்னாள் மேயர். அவர் வென்றால் அடுத்த மாகாணத் தேர்தலில் அன்ரன் வேட்பாளர் என்று பேச்சு. முக்கிய எதிராளி ஒரு வழக்கறிஞர் அம்மா. கட்சி உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம் என்பதால் தன் தொகுதியில் இருந்த ஊர்ச் சனத்தை எல்லாம் அன்ரன் உறுப்பினர்களாக்கி வைத்திருந்தார்.

“மச்சான், இஞ்சை சனம் என்ரை நம்பரைக் கண்டால் ஃபோன் எடுக்குதில்லை. பாரிஸ் நம்பர் எண்டால், ஆருக்கு என்ன நடந்ததோ எண்டு பயந்து எடுக்கும். நீர் கதைச்சால் கேக்கும்.”

கடைசி வசனம் போதுமானதாக இருந்தது.

எப்படி வாக்களிப்பது என்பதைக் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். வேலை முடிந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்துகொண்டே கேட்டேன். “நாலு பேருக்கும் ஒண்டிலையிருந்து நாலு வரைக்கும் நம்பர் போடோணும். எங்கடை ஆள் நாலாவது, மறந்திடாதையும்...” அதற்குள் ரயில் வந்துவிட்டது. மிச்சத்தை வீட்டுக்குப் போய்க் கேட்கலாம் என்று நிறுத்தினேன். கேட்கவில்லை. (விளங்கிவிட்டதே, பிறகென்ன?)

சங்கத்தின் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவன் நான். நன்றாகப் பேசும் பிள்ளைக்குக் கூடப் புள்ளி, திக்கும் பிள்ளைக்குக் குறைவு. எங்கள் மேயருக்கு நாலு. இதிலென்ன குழப்பம்?

பாரிஸில் மத்தியானம் என்றால் அங்கே காலை. சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் இருந்து ஒவ்வொருவருக்காகத் தொலைபேசி எடுத்தேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் ஒருவர் மட்டும் இழுத்தார்.

“தம்பி, ஒண்டு எண்டால் முதலாவதெல்லோ?”

“இல்லை ரீச்சர், இது புள்ளி போடுறது மாதிரி. எங்கடை ஆளுக்கு நாலு. அந்த வழக்கறிஞர் அம்மாவுக்கு ஒண்டு, அவவுக்கு அது காணும்.”

“நான் முப்பது வருஷமாக் கனடாவிலை இருக்கிறன்.”

“அதுதான் ரீச்சர் பிரச்சினை. உள்ளுக்கை இருக்கிறவைக்கு இது பிடிபடாது.”

“சரி, செயலாளர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்” என்றார் ரீச்சர்.

முடிவு அறிவித்த மாலையில், பாரிஸின் புறநகரான கார்ஜில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் கணினிக்கு முன்னால் நானும் ஜெசிந்தாவும் இருந்தோம். கடைசிச் சுற்றில் வழக்கறிஞர் அம்மா மயிரிழையில் வென்றார். தொகுதிவாரியாகக் காட்டினார்கள். எங்கள் அன்ரனின் தொகுதி அப்படியே அம்மாவின் பக்கம். உடனே அன்ரன் தொலைபேசி எடுத்தார்.

“மச்சான், எங்கடை சனம் என்ரை கழுத்தை அறுத்துப் போட்டுது.”

“நான் எல்லாருக்கும் வடிவாச் சொன்னனான். நன்றி கெட்ட சனம்,” என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். “நீங்கள் என்னெண்டு சொன்னனீங்கள்?”

சொன்னேன். அவள் என் தொலைபேசியை வாங்கி அந்தக் குரல் பதிவைத் தேடிப் பிடித்து, முடிவு வரை ஓடவிட்டாள். “...லிஸ்ரிலை நாலாவது பேர். அவருக்கு ஒண்டு போடச் சொல்லும். ஒண்டுதான் முதல் தெரிவு. பிழைச்சுப் போச்செண்டால் என்ரை கதை முடிஞ்சுது.”

“அண்ணைக்கு நீங்கள் சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லியிருப்பேன். ஆனால் அடுத்த நாள் அன்ரனே முந்திக்கொண்டார். புதிய தலைவி அவருக்கு நேரே தொலைபேசி எடுத்து நன்றி சொன்னாராம். எதிர் முகாமில் இருந்துகொண்டே தனக்காக ரகசியமாக உழைத்தவர் என்று அவரைப் புகழ்ந்தாராம். அடுத்த தேர்தலில் தொகுதி அவருக்குத்தானாம்.

“மச்சான், நான் ஒண்டும் செய்யேல்லையே. நான் என்ன சொல்ல?”

“நன்றி எண்டு சொல்லுங்கோ,” என்றேன். ஜெசிந்தா தலையில் கை வைத்தாள்.

மேயரின் ஆட்களுக்கு அன்ரன் அன்றோடு துரோகியானார். எந்தக் கதவை எப்போது தட்டவேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். தேர்தல் வந்தபோது அவர்களில் ஒருவரும் வாக்குக் கேட்க வெளியே வரவில்லை. இருந்த சனத்தைக் கூட்டி அன்ரன் ஒரு மண்டபத்தில் பேசினார். யாரோ கைபேசியைப் பிடிக்க, நான் பாரிஸில் இருந்தபடி பார்த்தேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் ரீச்சர் எழுந்தார்.

“இந்த முறையும் நாலோ போடோணும், அன்ரன்? போன முறை பாரிஸ் தம்பி நாலு போடச் சொன்னவர். அம்மாவுக்குத்தான் ஒண்டு.”

அன்ரன் மெதுவாகத் திரும்பி அந்தக் கைபேசியைப் பார்த்தார். நான் இணைப்பைத் துண்டித்தேன். (கோழைத்தனம்தான். ஆனால் விரல் தானாகவே போய்விட்டது.)

அன்ரன் தோற்றார். கட்சி காலங்காலமாக வைத்திருந்த தொகுதி போனது. உட்கட்சிப் பூசலே காரணம் என்று ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் பூசல் லா சப்பலில் ஒரு கடையின் பின்னறையில் உருவானது என்பது ஆராய்ந்தவர்களுக்குத் தெரியாது.

நான் தொலைபேசி எடுத்து அன்ரனிடம் மன்னிப்புக் கேட்டேன். “ம்” என்று மட்டும் சொன்னார். பிறகு ஏழு மாதம் பேச்சில்லை. பாரிஸை ஒட்டிய ஆர்ஜொந்தெயில் ஒரு ஞானஸ்நானத்துக்கு வந்தவர், விருந்தில் என் தோளில் கை போட்டு எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார்.

“இவர்தான் என்னைத் தேர்தலிலை நிப்பாட்டினவர். தோக்கடிச்சதும் இவர்தான்.”

மேசையே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் வரும் எந்த வீட்டு விருந்திலும் இதே அறிமுகம்தான். இரண்டும் உண்மை என்பதால் மறுக்க வழியில்லை.

அந்தப் பயணம் முடிந்து அவரை விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும் என்பதை மட்டும் அவர் என்னிடம் சொல்லாமல் ஜெசிந்தாவிடம் சொல்லிவைத்திருந்தார்.