தலைவரின் பங்கு

மனித சமத்துவத்தின் வரலாற்றில் அந்த ஏப்ரல் வியாழக்கிழமை பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டியது. தடுப்பூசிப் பங்கீட்டில் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே நிலவிய அநீதியை வேரோடு பிடுங்கி எறிவதென்று ரொறன்ரோவின் மில்லிக்கன் தமிழர் சமநீதிப் பேரவையின் தலைவர் அமிர்தநாதர் அன்றுதான் முடிவெடுத்தார். பிடுங்கக் கை வைத்த வேளையில், போஸ்டரில் தன் படம் சின்னதாக இருப்பதைக் கண்டார்.

"கிருபன், உதென்னடா உது? என்ர முகம் பொட்டு மாதிரிக் கிடக்கு."

தொலைபேசியின் மறுமுனையில் இருந்த கிருபன் பேரவையின் செயலாளர். கொரோனா வந்து வேலை போன பிறகு, வீட்டிலிருந்தபடி போஸ்டர் செய்யப் பழகியவன்.

"அண்ணை, பதினொரு நிருவாகியின்ர படமும் போட்டிருக்கு. ஒராளைப் பெருப்பிச்சா மற்ற ஆக்கள் சிறுக்கும்."

"சிறுக்கட்டும். தலைவர் ஆர்?"

பேரவைக்கு நிருவாகிகள் பதினொரு பேர். உறுப்பினர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஏழு பேர் நிருவாகிகளின் மனைவிமார். சனிக்கிழமை டோர்செட் பார்க் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு மண்டபத்தில் ஊசி போட ஏற்பாடாகியிருந்தது. சுகாதாரப் பகுதியினர் பேரவையிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கிருபன் தலைவரின் முகத்தைப் பெருப்பித்தான். பத்து நிமிடத்தில் உபதலைவர் சிவராமன் அழைத்தார். சென்னையிலிருந்து வந்து வங்கியொன்றில் பெரிய வேலை பார்ப்பவர்.

"சார், உங்க போட்டோ சினிமா பேனர் மாதிரி இருக்கு. என்னுது மட்டும் ஏன் ஸ்டாம்ப் சைஸ்ல இருக்கு? நான் வேணா விலகிக்கட்டுமா?"

சிவராமனைச் சமாதானப்படுத்த அவர் படமும் வளர்ந்தது. அவர் தலைவருக்குச் சமமாக வளர்ந்துவிடவே, தலைவரின் பெயருக்கு முன்னால் 'சமநீதிச் செம்மல்' சேர்ந்தது. அதைப் பார்த்த பொருளாளருக்கும் ஒரு பட்டம் தேவைப்பட்டது. பொருளாளருக்குக் கொடுத்துவிட்டு மற்ற ஒன்பது பேருக்குக் கொடுக்காமல் விட்டால் அது சமநீதி ஆகாது.

"அண்ணை, இனிக் கீழ இடம் காணாது," என்றான் கிருபன்.

"எழுத்தைச் சுருக்கு."

"சுருக்கினாப் பிறகும் காணாது."

"அப்ப கீழ இருக்கிறதிலை எதையாவது தூக்கு. மேல மட்டும் கை வைக்காதை."

மாலையில் போஸ்டரின் இறுதி வடிவம் வந்தது. அமிர்தநாதர் அதைத் திரையில் பெரிதாக்கி, தன் மீசையை இடமும் வலமுமாக ஆராய்ந்து, பன்னிரண்டு நிமிடம் பார்த்தார். "திறம். இருநூறு போஸ்டர் அச்சடி. ஒரு கடைக் கதவும் விடாதை," என்றார்.

வெள்ளி பின்னேரம் சூமில் பொதுக்கூட்டம்.

நீதியான பங்கீட்டில் அமிர்தநாதருக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும், ரொறன்ரோவிலிருந்து இரண்டரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் அன்புராசாவின் ஆட்டுப் பண்ணையில் கிடாய் அடித்துப் பன்னிரண்டு பங்கு போடுவார்கள். பங்கு பிரிப்பவர் அவர். ஈரல் என்ன காரணத்தாலோ எப்போதும் அவருடைய பையில்தான் விழும்.

"கிராமங்களிலே மருந்து ஆட்டுக்கும் மாட்டுக்கும் நடுவில் தேங்கிக் கிடக்கிறது! இங்கே அடுக்குமாடிகளில் எம் மக்கள் வாடுகிறார்கள்!" என்று அவர் முழங்கினார்.

பண்ணையிலிருந்து அன்புராசா குறுக்கிட்டார். "அண்ணை, இஞ்ச ஒண்டும் தேங்கேல்லை. ஊசி போட ஐம்பது கிலோமீற்றர் ஓடோணும். பஸ்ஸும் இல்லை. கார் ஓடாத கிழடுகள் வீட்டுக்குள்ள கிடக்குதுகள்."

தலைவர் தடுமாறவில்லை. கிராமத்துக்கும் பெரும் அநீதி இழைக்கப்படுவதாக அடுத்த மூச்சில் அறிவித்தார். இரண்டு பக்கமும் வஞ்சிக்கப்பட்டால் மருந்து எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

உற்சாகம் தலைக்கேறிய அந்தக் கணத்தில்தான் அவர் கையை உயர்த்தினார்.

"கடைசிக் கிராமத்தானும் கடைசி நகரத்தானும் ஊசி போட்ட பிறகே இந்தக் கை ஊசிக்கு நீளும்! இது சத்தியம்!"

பத்தொன்பது பெட்டிகளிலும் கை தட்டினார்கள். எல்லோரும் மைக்கை அணைத்திருந்ததால் சத்தம் வரவில்லை. கிருபன் மட்டும் எல்லாவற்றையும் பதிவு செய்து பேஸ்புக்கில் ஏற்றினான்.

கணினியை மூடியதும் குசினியிலிருந்து வேரோனிக்கா வந்தார். அமிர்தநாதரின் மனைவி. முதியோர் இல்லமொன்றில் வேலை செய்வதால் தைமாதமே ஊசி போட்டவர்.

"உங்களுக்குச் சீனி வருத்தம். பிரஷர். வயது அறுபத்தொண்டு. போன கிழமைதான் முன்வீட்டு மனுசனுக்கு மூச்சுக்குக் குழாய் போட்டவை. கடைசி ஆளுக்குப் போட்டாப் பிறகு போடுறதெண்டா, அந்தக் கடைசி ஆள் ஆரெண்டு உங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது, வேரோனிக்கா."

"அப்ப நாளைக்கு டோர்செட் பார்க்குக்குப் போய்ப் போட்டிட்டு வாங்கோ."

"உமக்கென்ன விசரே? அங்க முழுக்க எங்கட சனம். நான் லைனிலை நிண்டா ரெண்டு நிமிசத்திலை படம் வட்ஸ்அப்பிலை ஓடும்."

சனிக்கிழமை காலையில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. மணம் தெரிகிறதா என்று கோப்பிப் பேணியை மூன்று தரம் முகர்ந்து பார்த்தார். தெரிந்தது. முன்வீட்டு வாசலில் அம்புலன்ஸ் வந்து நின்றதும் மறுபடி முகர்ந்தார். இந்தத் தரம் தெரிந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை.

பின்னேரம் நாலரைக்குக் கிருபனை அழைத்தார். "கிளினிக் எப்பிடி?"

"அமைதியா நடந்தது அண்ணை. ஒரு நெரிசலும் இல்லை. ஒரு சத்தமும் இல்லை."

"அதுதான்டா ஒழுங்கமைப்பு! உடன ஒரு அறிக்கை போடு."

"போடத்தான் வேணுமே அண்ணை?"

"தன்னடக்கம் கூடாது கிருபன்."

அறிக்கை போன சூட்டோடு, ஆறு மணியளவில், அன்புராசாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, நீங்கள் கத்தினது ஆருக்கோ கேட்டிட்டுது. நாளைக்கு எங்கட ஊர் ஹொக்கி அரங்கிலை திடீரெண்டு ஊசி போடினமாம். எங்கயோ மிஞ்சின மருந்தாம். இந்தப் பகுதி அட்ரஸ் இருந்தாப் போதுமாம்."

"பாத்தியே! மிஞ்சுது! நான் சொன்னனான்!" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "அன்பு, உன்ர அட்ரசை நான் ஒருக்காப் பாவிக்கட்டே?"

மறுமுனையில் ஆடு ஒன்று மட்டும் கத்தியது.

"சத்தியம் அண்ணை?"

"அங்க தமிழர் இருக்கினமே?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப சத்தியத்துக்கு ஒண்டும் வராது. நான் பண்ணைக் கமக்காரன் மாதிரி வாறன்."

ஞாயிறு காலை வேரோனிக்கா அவரைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கட்டம் போட்ட சட்டை. முழங்கால் வரை புத்தம்புது றப்பர் பூட்ஸ். தலையில் உழவு இயந்திரப் படம் போட்ட தொப்பி.

"இஞ்சேருங்கோ, பூட்ஸிலை விலைத் துண்டு தொங்குது," என்று மட்டும் சொன்னார்.

ஹொக்கி அரங்கின் வாசலில் அமிர்தநாதருக்கு முதல் அடி விழுந்தது. வரிசையில் நின்ற அசல் கமக்காரர்கள் எல்லோரும் குளித்து, தலை வாரி, கோவிலுக்குப் போவதுபோல் வெளிக்கிட்டு வந்திருந்தார்கள். பூட்ஸ் போட்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணி திரும்பி, பூட்ஸிலிருந்து தொப்பி வரை பார்த்தார். "பண்ணையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம். ஆடு."

"எத்தனை?"

குறைவாகச் சொல்லித் தலைவருக்குப் பழக்கமில்லை. "முன்னூறு," என்றார்.

"முன்னூறா! என்ன இனம்?"

"யாழ்ப்பாணம்."

"கேள்விப்பட்டதே இல்லையே. நான் இந்த வட்டாரத்து மிருக வைத்தியர். இங்கே ஆட்டுப் பண்ணை ஒன்றுதான் இருக்கிறது, அன்புவுடையது. அங்கே நூற்றிருபது."

"நான் அவருடைய பங்காளி," என்றார் அமிர்தநாதர் அவசரமாக. "மிச்ச நூற்றெண்பதும் வரப் போகின்றன."

வைத்தியர் மகிழ்ந்துபோனார். "நல்லதாய்ப் போயிற்று. ஊசியை முடித்துக்கொண்டு நான் நேரே அங்கேதான் போகிறேன். நூற்றிருபதுக்கும் இன்றைக்குத் தடுப்பூசி. கொம்பைப் பிடிக்க ஆள் இல்லை என்று அன்பு கவலைப்பட்டார். பூட்ஸோடு வந்திருக்கிறீர்களே! என் பின்னால் வாருங்கள்."

"எனக்கு முதுகு கொஞ்சம்..."

"பயப்படாதீர்கள். நாங்கள் வேலியை ஒடுங்கிய ஒழுங்கைபோல் அடைத்து ஆடுகளை வரிசையாக விடுவோம். ஒன்றாவது முந்திக்கொண்டு ஓடாது."

அமிர்தநாதர் மாஸ்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். ஊசி அறைக்குள் போனபோது அவருடைய நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது, பாதி ஊசிக்காக, பாதி நூற்றிருபது கொம்புகளுக்காக.

மேசையருகே ஒரு இளம் தாதி. மாஸ்க், முகக் கவசம், நீலத் தொப்பி. கண்கள் மட்டும் தெரிந்தன. அட்டையில் பேர்ணடெற் என்றிருந்தது. பிலிப்பைன்ஸாக இருக்கும், அல்லது பிரெஞ்சு, என்று நினைத்து அவருக்கு ஆறுதல் வந்தது. அன்புராசாவின் வீட்டு விலாசத்தை ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். தாதி அவருடைய சுகாதார அட்டையை வாங்கி, படத்தையும் தொப்பியையும் மாறிமாறிப் பார்த்தாள். ஊசியை எடுத்தாள்.

"ஐயோ, அம்மோய்!"

"முடிஞ்சுது அங்கிள். நோகேல்லைத்தானே?"

அமிர்தநாதருக்குக் கை நோகவில்லை. மற்ற இடமெல்லாம் நொந்தது.

"நீர் தமிழோ?"

"ஓம். டோர்செட் பார்க். கிழமை நாளிலை ஆஸ்பத்திரி, சனி ஞாயிறிலை எங்க கூப்பிட்டாலும் போவன்." அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்கள் மில்லிக்கன் பேரவைத் தலைவரெல்லே?"

"சீச்சீ. நான் கமக்காரன்."

"அட்டையிலை அமிர்தநாதர் எண்டு கிடக்கு. கொம்பியூட்டரிலை மில்லிக்கன் விலாசம்."

அவர் தொப்பியைக் கழற்றினார். அறை வாசலில் மிருக வைத்தியர் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். பேஸ்புக்கில் அந்தக் கை இன்னும் உயர்ந்தபடியே இருக்கிறது என்பதும், அதை நானூற்றுப் பதினாறு பேர் பார்த்திருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. குரல் தானாகவே இறங்கியது.

"பிள்ளை, உமக்குக் கோடி புண்ணியம். நான் இஞ்ச வந்ததை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

"ஏன் அங்கிள்?"

"நகரத்து ஆள் வந்து கிராமத்தின்ர பங்கைத் திண்டிட்டான் எண்டு கதைப்பினம். சமநீதி எண்டு பேசின வாய்..."

"உது கிராமத்தின்ர பங்கில்லை அங்கிள். எங்கட டோர்செட் பார்க்கின்ர பங்கு." மேசைக்குக் கீழே இருந்த குளிர்பெட்டியைக் காலால் மெதுவாகத் தட்டினாள். "நேற்று இந்தப் பெட்டியோட அந்த ஹோலிலை காலமை ஒன்பதிலயிருந்து நாலு மணி மட்டும் நான்தான் குந்தியிருந்தனான். முன்னூறு ஊசி. வந்தது ரெண்டு பேர். அதிலை ஒராள் வோஷ்ரூம் கேட்டு வந்தவர். வைச்சிருந்தா மருந்து பழுதாப் போகும், அதுதான் இஞ்ச அனுப்பினவை."

அமிர்தநாதருக்கு உடம்பில் உயிர் திரும்பியது. அவர் யாருடைய பங்கையும் பறிக்கவில்லை. வேண்டாமென்று விட்ட பங்கைத்தான் எடுத்திருக்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடைக் குரலும் திரும்பியது.

"எங்கட சனம் இருக்கே, பிள்ளை! வீட்டு வாசலிலை கொண்டுவந்து வைச்சாலும் வராதுகள். நான் என்ன குறை விட்டனான்? இருநூறு போஸ்டர் அடிச்சு, ஒவ்வொரு கடைக் கதவிலையும் ஒட்டுவிச்சனான்!"

"ஓம் அங்கிள், எங்கட பில்டிங் லிஃப்டுக்குள்ளயும் ஒட்டியிருந்தவை. படம் நல்ல வடிவு." பேர்ணடெற் அவருடைய கையில் பிளாஸ்ரரை ஒட்டி விரலால் அழுத்திவிட்டாள். "அதிலை இடமும் இல்லை, திகதியும் இல்லை."