மாகறல் சேதியை வேதகிரி கொண்டுபோன விதம்

நம்மிடையே ஒரு ரகத்தார் உண்டு. கல்யாணச் சேதியைத் தபாலில் போட்டுவிடுவார்கள். சாவுச் சேதியை மட்டும் நேரில் வந்துதான் சொல்வார்கள். அதையும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். செருப்பை ஓரமாக விட்டு, துண்டால் கழுத்தைத் துடைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, “ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்” என்று ஆரம்பிக்கும்போதே யார் போனது என்று நாம் கணக்குப் போடுவோம். போட வேண்டும் என்பதுதானே அவர்கள் விருப்பம்?

மாகறல் வேதகிரி இந்த ரகத்தில் முதல் வரிசை. அவருக்கு ஒரு வைகாசி விடியற்காலையில் வாழ்நாளின் மிகப் பெரிய சேதி கிடைத்தது.

கிணற்றுப் பங்குத் தகராறில் அதே ஊர்ச் சடையப்பனை வெட்டுவதாகப் பங்காளிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பயந்து அவன் உத்தரமேரூர் அரிசி மில்லில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தான். பெண்டு பிள்ளைகள் மேல் கை வைக்கமாட்டார்கள் என்று நம்பினான். வைத்துவிட்டார்கள். மனைவி ஆதிலட்சுமியும் பையனும் வெட்டுப்பட்டு வாசலிலேயே போய்விட்டார்கள். ஐந்து வயது அம்முலுவுக்கு மட்டும் மூச்சு இருந்தது. அடுத்த வீட்டுச் செல்லம்மாள் அவளை மடியில் கிடத்திக்கொண்டு, “நைனா நைனான்னு அனத்துது. மத்தியானம் தாங்காதுன்றாரு வைத்தியரு. வெரசா போயி அவன இட்டுக்கினு வா” என்று வேதகிரியிடம் சொன்னாள். சைக்கிள் அவரிடம்தான் இருந்தது.

மிதித்தால் ஒரு மணி நேரத்துப் பாதை. ஆனால் இவ்வளவு பெரிய சேதியை வைத்துக்கொண்டு மனிதர்களைக் கண்டும் காணாமல் போக முடியுமா? கழனியில் ஏற்றம் இறைத்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். திருப்புலிவனத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கூட்டம் சேர்ந்ததும் சொன்னார்; இரண்டாவது கூட்டம் சேர்ந்ததும் ரத்தத்தை இன்னும் இரண்டு படி கூட்டிச் சொன்னார். உத்தரமேரூர் காப்பிக் கடையில் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு சொட்டுக்காக வேதகிரி முதலிலிருந்து மறுபடியும் சொன்னார்.

மில்லுக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சடையப்பன் உமி அள்ளிக்கொண்டிருந்தான். ஊர் மனிதரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வாண்ணே. வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?”

“இருக்கட்டும். நீ சோறு துன்னியா?”

“ஆச்சிண்ணே. மில்லாண்ட ஒரு வூடு பார்த்து வெச்சிக்கீறேன். வர்ற வாரம் மூணு பேரையும் இட்டுக்கினு வந்துடலாம்னு.”

இதையும் கதையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வேதகிரி மனத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, “விதின்னு ஒண்ணு கீதே, சடையப்பா” என்று தொடங்கி, நாய் குரைத்தது, கதவு இடிபட்டது, ஆதிலட்சுமி விளக்கோடு வந்தது என்று ஒவ்வொரு படியாக இறங்கினார். மனைவி விழுந்த இடத்தில் சடையப்பன் சுவரைப் பிடித்தான். மகன் விழுந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“அம்முலு?”

அதைத்தான் வேதகிரி கடைசிக்கு வைத்திருந்தார். இருட்டை நன்றாகக் காட்டிய பிறகே விளக்கை ஏற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. “அதுக்கு உசுரு கீது. உன்னத்தான் கேட்டுக்கினே கீது.”

சடையப்பன் எழுந்தான். “எப்ப பார்த்த?”

“விடியகாலம்.”

சடையப்பன் தன் காலடியில் சுருண்டு கிடந்த நிழலைப் பார்த்தான். வேதகிரியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் ஊர் போய்ச் சேருவதற்கு அரை மணி முன்னால் அம்முலு அடங்கிவிட்டாள்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கிய வேதகிரி, துக்கம் கேட்கத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். சடையப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

“வழியெல்லாம் ஜனங்க என்னப் பார்த்து அழுதாங்கண்ணே. எனக்கு முந்தி அவுங்களுக்குத் தெரிஞ்சிகீது.”

வேதகிரிக்கு அது உறைத்ததா? மறுநாள் காலையிலேயே, “அப்பன் மொகத்தப் பார்க்காமலே போச்சி அந்தப் பிஞ்சு” என்று நாலு பேர் நடுவில் சொல்லி நிறுத்தினார். ஏன் பார்க்காமல் போயிற்று என்று கேட்க ஆளில்லை.

அவரைத் திட்டுகிறீர்கள், நியாயம்தான். ஆனால் இந்தக் கதையைப் போய்ச் சொல்ல ஒருவர் பெயர் இதற்குள் உங்கள் மனத்தில் வந்திருக்குமே? அவரிடம் அம்முலு இறந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவீர்களா, கடைசிக்கு வைத்துக்கொள்வீர்களா?