ஐந்தருவியில் ஒரு பந்தயம்

கோமதிசங்கர் தென்காசிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் வாத்தியார். அவர் மனைவி உமா மகேஸ்வரி அதே பள்ளியில் தமிழாசிரியை. வீட்டில் சமாதானத்துக்குக் குறைவில்லை. பத்தாவது பாஸான மகள் குழல்மொழி, "வரலாறு குரூப் எடுக்கப்போறேன்" என்றாள். அத்தோடு சமாதானம் போயிற்று.

"சயின்ஸ்தான். உலகமே அதுலதான் ஓடுது" என்று குதித்தார் கோமதிசங்கர்.

"ஓடட்டும். எங்க ஓடுதுன்னு யாரு கேக்குதது?" என்றாள் உமா.

"அப்ப பந்தயம். நாளைக்குக் காலையில ஐந்தருவியில குளிக்க விடுவாங்களா மாட்டாங்களா? சரியாச் சொல்லுதவங்கதான் குரூப்பை முடிவு பண்ணணும்."

அருவி சீசனில் ஊருக்கே இதுதான் கேள்வி. வெள்ளம் வந்தால் போலீஸ் கயிறு கட்டிவிடும். கோமதிசங்கருக்கு உற்சாகம் தலைக்கேறியது. மொட்டைமாடிக்கு ஓடினார். போனில் மேகப்படம் பார்த்தார், காற்றின் வேகம் பார்த்தார், தாள் தாளாகக் கணக்குப் போட்டார்.

"அளவான தண்ணி. குளிக்கலாம்" என்று அறிவித்தார்.

"விடமாட்டாங்க." உமா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"காரணம்?"

"தோணுது."

தோணுதாம்! சிரித்துச் சிரித்து அவருக்கு வயிறு வலித்தது.

காலையில் தலை நிறைய எண்ணெய், தோளில் துண்டு. அம்மாவும் மகளும் விடியுமுன்னே எங்கோ கிளம்பிப் போனதை அவர் கவனிக்கவே இல்லை. ஐந்தருவியில் தண்ணீர் அவர் சொன்னபடியே அளவாக விழுந்தது. ஆனந்தத்தில் ஓடியவரைக் கயிறு தடுத்தது.

"வெள்ளமே இல்லியே?" என்று கான்ஸ்டபிளைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு சீசன் விழா சார். மேடையில பேச்செல்லாம் முடியணும். அப்புறந்தான் குளியல்."

அருவி இரைச்சலையும் மீறி மைக்கில் ஒரு குரல் கேட்டது. பதினெட்டு வருஷமாக அவர் வீட்டில் கேட்கிற குரல். வரவேற்புரை, தமிழாசிரியை உமா மகேஸ்வரி.

பேசி முடித்து இறங்கியவளை மறித்தார். "ஏட்டி, இது அநியாயம். உனக்கு முன்னாடியே தெரியும்லா?"

"ஊருக்கே தெரியும். நீங்க மேகத்துகிட்ட மட்டும் கேட்டீய. மனுசங்ககிட்டயும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

நியாயம் கேட்க மகளைத் தேடினார். அவள் மேடையில் நின்றாள். நன்றியுரை அவளுக்கு.

"நான் வரலாறு படிக்க மனமுவந்து சம்மதித்த என் அப்பாவுக்கும் நன்றி. அந்தா, எண்ணெய் தேய்ச்சு நிக்காங்களே, அவங்கதான்."

கூட்டமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. கோமதிசங்கர் கும்பிட்டார்.