மாலையைத் திருப்பிக் கேட்ட நாள்

எனக்குப் பொது அறிவு அதிகம் என்று நாற்பத்திரண்டு வயதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் நோபல் பார்க்கில் யார் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் நாலு பேரைப் பக்கத்தில் இருத்தி உலக விவகாரம் பேசுவேன். அவர்கள் ஒவ்வொருவராக எழும்பிக் கைகழுவப் போவார்கள். (சாப்பிடுவதற்கு முன்னரே.) என் கருத்தைத் தனியாக யோசிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நம்பிக்கை ஒரு சனிக்கிழமை காலை மெல்பேர்ன் விமான நிலையத்தில் ஆட்டம் கண்டு, மத்தியானம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உயிரை விட்டது.

என் அக்கா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். அவருடைய மகள் தாரணி, தன்னோடு வேலை செய்யும் மார்க்கஸ் என்ற கறுப்பினப் பையனைக் கலியாணம் செய்யப்போவதாக அறிவித்தாள். அத்தான் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை. (அத்தானின் சொந்த நிறத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. அக்கா இதை வாசிப்பார்.) பிறகு ஒருநாள் "என்னவோ செய்யுங்கோ" என்றார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆசீர்வாதம்.

அந்த மூன்று மாத மௌனம் மார்க்கஸின் அம்மா லொரெட்டாவின் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் தேவாலயத் தோழிகளோடு சிட்னிக்குச் சுற்றுலா வருவதாக இருந்தது. அப்படியே இரண்டு நாள் மெல்பேர்ன் வந்து தாரணியின் மாமாவைப் பார்க்க விரும்புகிறாராம். அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, அவ உன்னைப் பாக்க வரேல்ல. நாங்கள் எப்பிடிப்பட்ட சனம் எண்டு பாக்க வாறா. விளங்குதோ?"

"ஓம், விளங்குது."

"ஒண்டும் விசேசமாச் செய்யாதை. சும்மா மனுசர் மாதிரி இரு."

அது ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

என் பொது அறிவு உடனே வேலை செய்யத் தொடங்கியது. கறுப்பினப் பெண்மணி என்றால் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்கா என்றால் யோனாஸ். டண்டினோங்கில் நான் வேலை செய்த களஞ்சியசாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவன். எத்தியோப்பியாக்காரன்.

"உன்னுடைய நாட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நீ வந்து வரவேற்க வேண்டும்" என்றேன்.

"எத்தியோப்பியாவிலிருந்தா?"

"கனடாவிலிருந்து."

யோனாஸ் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினான். "கனடா என்னுடைய நாட்டுப் பக்கமா?"

"அதெல்லாம் உனக்கு விளங்காது. ஆட்டிறைச்சிக் கறி இருக்கிறது, வா."

ஆட்டிறைச்சிக்காக மட்டும் வருவதாகச் சொன்னான். மெல்பேர்னின் மறுகோடியில், ஃபுட்ஸ்க்ரேயில், ஓர் எத்தியோப்பியச் சாப்பாட்டுக் கடையில் இன்ஜெரா சொல்லிவைத்தேன். நம்முடைய தோசையை மேசைவிரிப்பு அளவுக்கு ஊற்றினால் எப்படி இருக்கும், அதுதான் இன்ஜெரா. என் மனைவி வசந்தி தடுத்துப் பார்த்தாள்.

"அவவுக்கு என்ன பிடிக்கும் எண்டு தாரணியிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"இதெல்லாம் கேட்டுச் செய்யிற விசயமில்லை. தெரிஞ்சிருக்கோணும்" என்றேன். பிறகு உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரவேற்புரை எழுதினேன்.

தாரணி அனுப்பியிருந்த படத்தில் லொரெட்டா பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். மீதியில் தெரிந்தது நிறம் மட்டும்தான். சனிக்கிழமை காலை வசந்தியோடு விமான நிலையத்தில் நின்றேன். சிட்னி விமானத்திலிருந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். முதலில் தென்பட்ட கறுப்பினப் பெண்ணின் முன்னால் பாய்ந்து, கொண்டுபோன மாலையைக் கழுத்தில் போட்டு, கைகூப்பி, "மெல்பேர்னுக்கு வருக, லொரெட்டா" என்றேன்.

"நன்றி" என்றார் அவர். "ஆனால் நான் ரூத். ஃபுட்ஸ்க்ரேயில் இருக்கிறேன்."

மரியாதை தெரிந்தவன் மன்னிப்புக் கேட்டு, மாலை அவரிடமே இருக்கட்டும் என்று விட்டிருப்பான். என்னிடம் இருந்தது ஒரே ஒரு மாலை. திருப்பிக் கேட்டேன். ரூத் தலையைக் குனிந்து கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் இதை ஏதோ எங்கள் சமயச் சடங்கு என்று நினைத்திருக்க வேண்டும்.

ரூத் விலகியபோது அவருக்குப் பின்னால் உயரமான ஒரு பெண்மணி நின்றார். நரைத்த கட்டை முடி, அறுபது தாண்டிய வயது. ரூத்துக்கும் அவருக்கும் நிறத்தைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்.

"நீங்கள் சிவாவாகத்தான் இருக்க வேண்டும். தாரணி சொல்லியிருக்கிறாள்" என்றார். என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

காரில் நிலைமையைச் சரிசெய்துவிடலாம் என்று பேச்சைத் தொடங்கினேன்.

"நீங்கள் எந்த ஊர்?"

"நோவா ஸ்கோஷியா. கனடாவின் கிழக்குக் கரை."

"சரி, அதற்கு முதல்?"

"அதற்கு முதலும் நோவா ஸ்கோஷியா."

"இல்லை, உண்மையாக எந்த ஊர் என்று கேட்கிறேன்."

பின் இருக்கையிலிருந்து வசந்தி தமிழில் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் றோட்டைப் பாருங்கோ."

லொரெட்டா என் பக்கம் திரும்பினார். பிறகு, "உங்களை இங்கே யாராவது இப்படிக் கேட்பதுண்டா?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இருபது வருடம் காத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து நோபல் பார்க்குக்கு ஒரு மணித்தியால ஓட்டம். ஒரு நிமிடத்தையும் வீணாக்கவில்லை. வாடகைக்கார் ஓட்டுநர் கேட்டதைச் சொன்னேன். பல் வைத்தியர் என் வாய்க்குள் இயந்திரத்தை வைத்துக்கொண்டு கேட்டதைச் சொன்னேன். நோபல் பார்க் என்று சொன்ன பிறகும், இல்லை, உண்மையாக எங்கே என்று மறுபடி கேட்பார்களே, அப்போது உடம்பெல்லாம் எப்படி எரியும் என்றும் சொன்னேன். "அது எவ்வளவு அவமானம் தெரியுமா?"

"தெரியும்" என்றார் லொரெட்டா.

எவ்வளவு புரிந்துணர்வுள்ள பெண்மணி என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் வசந்தி கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் யோனாஸ் வெள்ளைச் சட்டையோடு காத்திருந்தான். இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, அவர்கள் மனம்விட்டுப் பேசட்டும் என்று ஒதுங்கி நின்றேன். பேசிக்கொண்டார்கள். கொஞ்சம் பொறுத்துக் கிட்டப்போய் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆங்கிலம்" என்றார்கள் இருவரும்.

இன்ஜெராத் தட்டின் மூடியைத் திறந்து, "உங்களுடைய சாப்பாடு" என்றேன். லொரெட்டா குனிந்து பார்த்தார். "அழகாக இருக்கிறது. என்ன இது?"

"இது என்னுடைய சாப்பாடு, அம்மா" என்றான் யோனாஸ். "எப்படிச் சாப்பிடுவது என்று நான் காட்டித் தருகிறேன். நீங்களும் பாருங்கள், சிவா."

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நான் எழுந்து வரவேற்புரையை விரித்தேன். "ஆப்பிரிக்கத் தாயின் மகளே, கனடாவில் புதிதாகக் குடியேறி..." என்பதுவரை வாசித்தேன். லொரெட்டா கையை நீட்டினார். "அதை நான் ஒருமுறை பார்க்கலாமா?"

அவர் முப்பது வருடம் சரித்திரம் படிப்பித்த ஆசிரியை. (இதையும் தாரணி சொல்லியிருந்தாளாம். அப்போது நான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.) கைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனா வந்தது. 'புதிதாக' என்ற சொல் முதலில் வெட்டுப்பட்டது.

திருத்தியபடியே சொன்னார். அமெரிக்க சுதந்திரப் போரில் தங்கள் பக்கம் நின்றால் அடிமைகளுக்கு விடுதலை என்று பிரித்தானியர் வாக்களித்தார்கள். அதை நம்பி நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறியவர் அவருடைய மூதாதை. இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. கப்பலேறியவர்களின் பெயர்களை எழுதிய பதிவேட்டில் அவர் பெயரும் இருக்கிறது. அங்கிருந்து லொரெட்டாவரை எட்டுத் தலைமுறை, எட்டுப் பெயரும் அவருக்கு மனப்பாடம். தருவதாகச் சொன்ன நிலம் பாறையாக இருந்ததையும், பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் என்று ஒதுக்கியதையும் சொன்னார். கடலோரத்தில் அவருடைய அப்பா வளர்ந்த குடியிருப்பை நகரசபை தேவாலயத்தோடு சேர்த்து இடித்துப் போட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் பேனா நின்றது.

"இவ்வளவுக்குப் பிறகும், எங்கேயிருந்து வந்தாய் என்று என் சொந்த ஊரிலேயே கேட்கிறார்கள்" என்றார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. "காரில் நான்..." என்று இழுத்தேன்.

"ஒரு மணித்தியாலம்" என்றார். "மிக நன்றாகச் சொன்னீர்கள். ஒரு வார்த்தையும் பிழையில்லை."

தாளைத் திருப்பித் தந்தார். பத்துக்கு மூன்று. ஆர்வத்துக்கு இரண்டு, கையெழுத்துக்கு ஒன்று. தாரணியின் கலியாணத்தை என் கையாலேயே குழப்பிவிட்டேன் என்று தலை குனிந்து இருந்தேன். அத்தானின் மூன்று மாதத்தை நான் மூன்று மணித்தியாலத்தில் தாண்டியிருந்தேன்.

அப்போது குசினியிலிருந்து வாசம் வந்தது. அதன் பின்னால் வசந்தி பெரிய சட்டியில் நண்டுக் கறியோடு வந்தாள். முதல் நாளே தாரணிக்குப் போன் எடுத்து, அவவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறாள். கேட்க அரை நிமிடம் ஆனதாம். கடலோரத்து ஆளான லொரெட்டா சட்டைக் கையை மடித்துவிட்டு, நண்டுக் காலைப் பல்லால் உடைத்தார். ஒன்றரை மணித்தியாலம் அந்த மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். எதைப் பற்றி என்று நான் விசாரிக்கவில்லை.

அன்று இரவு மகனோடு அவர் போனில் பேசியது கேட்டது. "நல்ல மனிதர்கள். மாமாவுக்கு மட்டும் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும்."

சொன்னதைச் செய்பவர். கலியாணம் முடிந்து ஆறு வருடமாகிறது. கனடாவில் பெப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம். ஒவ்வொரு பெப்ரவரியும் எனக்குப் பத்துக் கேள்விகள் வரும். நான் பதில் எழுதி அனுப்புவேன். ஸ்காபரோவில் குடும்பம் முழுவதும் கூடியிருக்க என் புள்ளிகளை அத்தான் சத்தமாக வாசிப்பார். மனிதர் மூன்று மாதம் மூடி வைத்திருந்த வாயை இதற்காகவே சேமித்தவர் மாதிரி வாசிப்பார்.

இந்த வருடம் ஒன்பது கேள்விக்கும் சரியாக எழுதிவிட்டேன். பத்தாவது கேள்வி இப்படி இருந்தது: 'உங்கள் தாத்தாவின் தாத்தாவுடைய பெயர் என்ன?'

எனக்கு அப்பப்பாவுக்கு மேலே ஒரு பெயரும் தெரியாது. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"கந்தையா எண்டு போடு" என்றார். "அந்தக் காலத்தில வேற பேர் எங்க இருந்தது?"

போட்டு அனுப்பினேன். தாள் திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. கந்தையாவைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரே சொல்:

'ஆதாரம்?'